இழை: ஓடுபாதைக்குக் குறுக்கே வீசும் காற்றுக்குச் சொல் வேண்டும் (வெள்ளிக்குள்!)

உச்சிப்புளி ஆசிரியை:
அன்பர்களுக்கு வணக்கம். பதினோராம் வகுப்புத் திசையன் பாடத்துக்குப் பயிற்சித்தாள் எழுதுகிறேன். ஐ.என்.எஸ். பருந்து கடற்படைத் தளத்து விமானங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், அதனால் கணக்கும் அங்கிருந்தே. ஓடுபாதையின் எண் 09 என்று வைத்துக்கொண்டேன், அதாவது காந்த வடக்கிலிருந்து 90 பாகை. காற்று 060 பாகையிலிருந்து 20 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்). இடைக்கோணம் 30. எதிர்த்து வருவது 17 நாட் சொச்சம், பக்கவாட்டில் தள்ளுவது 10 நாட். முன்னதற்கு 'எதிர்காற்று' இருக்கிறது. பின்னதற்குக் 'குறுக்குக்காற்று' என்று போட்டேன். வாய்விட்டுப் படித்தால் தொண்டையைக் கனைப்பதுபோல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

வேர்ச்சொல் பித்தன்:
அம்மா, 'விலங்குவளி' என்க. விலங்கு என்றால் குறுக்கு. குறுக்கே கிடக்கும் மலை விலங்கல். உடல் நிமிராமல் கிடையாக நடப்பதால்தான் ஆடுமாடும் விலங்கு. வலிமிகும் இடரும் இல்லை, நாக்கும் பிழைக்கும்.

ஓய்வுபெற்ற கோபுரத்தான்:
ஐயா, முப்பது வருடம் விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவன் சொல்கிறேன், வேண்டாம். ஓடுபாதையில் நாய், மாடு, மயில் வந்தால் விமானிக்குத் தனி எச்சரிக்கை போகும். அதற்கும் விலங்கு, காற்றுக்கும் விலங்கா? இந்தத் துறையில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்கவேண்டும். போகட்டும், வானொலியில் நாங்கள் சொன்னது 'விண்ட் ஜீரோ சிக்ஸ் ஜீரோ டிகிரீஸ், டூ ஜீரோ நாட்ஸ்'. குறுக்கே எவ்வளவு என்று விமானிதான் கணக்குப் போட்டுக்கொள்வார்.

மண்டபத்தான்:
ஆசிரியை சொல்லும் 060 எங்களுக்கு வாடைதானே! ஐப்பசி, கார்த்திகையில் பிடித்தால் வள்ளம் இறக்கமுடியாது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எல்லாம் எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையின் பெயர். விமானக்காரர்களும் காற்றை வரும் திசையால்தான் சொல்கிறார்களாம். பாடத்தில் இதைச் சேருங்கள், சொல் எதுவானாலும் சரி.

வேர்ச்சொல் பித்தன்:
அருமை! ஆனால் 'விமானி' எதற்கு? புறநானூறு 27இல் 'வலவன் ஏவா வான ஊர்தி' இருக்க, ஊர்தியைச் செலுத்துபவனை வலவன் என்று சொல்லலாமே? உச்சிப்புளியில் 2012 முதல் ஆளில்லா விமான அணியே இருக்கிறது. வலவன் ஏவாத ஊர்தி கண்முன்னே பறக்கிறது.

கோபுரத்தான்:
அந்தப் பாட்டு நல்வினை செய்தவர் விண்ணுக்கு ஏறும் ஊர்தியைப் பற்றியது. ஆளில்லா விமானத்தைத் தரையிலிருந்து ஒருவர் ஏவத்தான் செய்கிறார். தளத்துக்குப் 'பருந்து' என்றும் அரக்கோணத்துக் கடற்படை விமானத் தளத்துக்கு 'ராஜாளி' என்றும் பெயர் வைத்தவர்கள் வேர் தேடவில்லை. ஊருக்குப் புரிந்தது, போதும்.

மொழிபெயர்ப்பாளர், கோவை:
'பக்கக்காற்று' எளிது. ஆனால் பக்கம் என்றால் வலமா இடமா என்று கேட்பார்கள். 'குறுக்கு' என்றால் பாதைக்குச் செங்குத்து என்பது சொல்லிலேயே இருக்கிறது. கனைத்தாலும் பரவாயில்லை.

மண்டபத்தான்: குறுக்குக்காற்று. +1

கோபுரத்தான்: அதுவே. தூங்கப்போகிறேன்.

வேர்ச்சொல் பித்தன்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பெரும்பான்மை என்பது இலக்கணம் அன்று.

உச்சிப்புளி ஆசிரியை (திங்கள்):
தாள் 'குறுக்குக்காற்று' என்றே அச்சாகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி. இன்று வகுப்பில் நடத்தினேன். மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி கணக்கை முடித்துவிட்டு, "டீச்சர், இது விலாக்காத்துதானே, விலாவுல அடிக்கிறது?" என்றாள். அச்சுக்கு முன் அவளிடம் கேட்டிருக்கலாம்.

வேர்ச்சொல் பித்தன்:
விலா! விலங்கு! ஒரே வேர்! நாளை விரிவாக எழுதுகிறேன்.

கோபுரத்தான்:
நெறியாளர் ஐயா, இழையைப் பூட்டிவிடுங்கள்.