பேஸ்போல் துடுப்பாட்டமும் என் இடது இடுப்பும்

திருகோணமலை உப்புவெளியில், மூங்கில் தடியால் பந்தை அடித்து ஓடும் எல்லே ஆடி வளர்ந்தவன் நான். அந்தத் தடி பிடித்த கை என்ற நம்பிக்கையில்தான் பேஸ்போலுக்குள் போனேன். இரண்டு வருடம் விடாமல் டம்பெல் தூக்கினேன். தோள் பலமானது, ஆனால் அடித்த பந்தெல்லாம் தரையோடு உருண்டு எறிபவரின் காலடிக்கே போனது. கூடவே நாரி நோவு.

நோவுக்காகத்தான் ஒரு பிசியோவிடம் போனேன். கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, இரண்டு இடுப்பெலும்பிலும் கட்டைவிரலை வைத்துக்கொண்டு இடது காலில் மட்டும் நிற்கச் சொன்னார். வலது காலைத் தூக்கிய உடனே வலது பக்க விரல் கீழே இறங்கியதைக் கண்ணாடியில் பார்த்தேன். இடது பிட்டத்தின் பக்கத் தசை இடுப்பைத் தாங்கவில்லை என்றார்.

நான் வலக்கை ஆட்டக்காரன். அடிக்கும்போது முன்னால் ஊன்றுவது இடது கால். அது உறுதியாக நின்றால்தான் பின்காலின் தள்ளல் இடுப்பின் சுழற்சியாக மாறும். இடுப்பு முதலில் திரும்ப, தோள் ஒரு கணம் பிந்த, வயிற்றின் பக்கத் தசைகள் இழுபட்டு நெஞ்சையும் கையையும் கடைசியில் மட்டையையும் கொண்டு வரும். எனக்கு இடுப்பு சரிந்ததால் அந்த விசை நாரியிலேயே நின்றுவிட்டது, கை தனியாக வீசியது. எறிபவர் நிற்கும் 60 அடி 6 அங்குலத்தில் இருந்து மணிக்கு 90 மைலில் வரும் பந்து அடிப்பவரை அடைய ஏறக்குறைய 0.4 வினாடிதான். எங்கள் ஊரில் அவ்வளவு வேகம் இல்லை. என்றாலும் சரிந்த இடுப்பை இடையில் திருத்த நேரமேது?

அதற்காகச் செய்த பயிற்சிகள்: பக்கவாட்டு பிளாங்க் (ஒரு பக்கமாக முழங்கையை ஊன்றி உடம்பை நேராகத் தாங்குவது), மல்லாந்து படுத்து ஒற்றைக் காலை ஊன்றி இடுப்பைத் தூக்குவது, ஜன்னல் கம்பியில் கட்டிய ரப்பர் பட்டியை நெஞ்சுக்கு நேரே நீட்டிப் பிடித்து உடம்பு திரும்பாமல் தாங்குவது. வாரத்தில் மூன்று நாள். விடியற்காலையில் கடற்கரை ஈரமணலில் ஒற்றைக் காலிலும் நிற்பேன். அலை வந்து பாதத்தடியில் மணல் கரையும்போது இடுப்பைச் சமமாக வைத்திருப்பது லேசில்லை. மூன்றாம் மாதம் ஒரு பின்னேரம், மட்டையில் பட்ட சத்தமே வேறாக இருந்தது. பந்து, கிட்ட நின்று தடுக்கும் உள்தடுப்பாளர் தலைக்கு மேலால் போனது.

சாம்பல்தீவில் இருந்து ஒரு பதில்:

அண்ணா, நான் பெண் பிள்ளைகளுக்குச் சொஃப்ட்போல் பழக்குகிறேன். ஒரு பிள்ளைக்கு பிளாங்க் எவ்வளவு செய்தும் முன்னேற்றமில்லை. அவளுக்குப் பலம் இருந்தது, முன்கால் இடுப்புதான் உட்பக்கம் சுழலாமல் இறுகிக் கிடந்தது. முன்பாதத்தை எறிபவர் பக்கம் கொஞ்சம் திறந்து ஊன்றச் சொன்னேன். முழங்கால் நோவு குறைந்தது, இடுப்பும் முழுதாகத் திரும்பியது. உங்கள் இடுப்பு எவ்வளவு சுழல்கிறது என்று பார்த்தீர்களா?

இல்லை தங்கச்சி, தாங்குகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். நாளைக்கே பார்த்துவிட்டு எழுதுகிறேன்.