பூனைக்கதவு வைக்கப் போகிறீர்களா? துளை போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

புது நாட்டுக்கு வந்து வீடு ஓரளவு அமைந்ததும் பூனை வளர்க்க ஆரம்பிப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அடுத்த மாதமே கேள்வி வந்துவிடும்: "கேட் ஃபிளாப் எந்த மாடல் வாங்கலாம்?" கதவின் அடியில், பூனை தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு போய்வருகிற அந்தச் சின்னக் கதவைத்தான் கேட்கிறார்கள். இரண்டு வீடுகளில் மூன்று முறை வைத்த அனுபவத்தில் சொல்கிறேன், மாடல் கடைசிக் கேள்வி. கதவு யாருடையது, எதனால் ஆனது, உங்கள் பூனை வெளியே போகலாமா என்பவைதான் முதல் கேள்விகள். போட்ட துளையை மூட முடியாது, கதவைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

வாடகை வீடு என்றால் அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். என் முதல் வீட்டில் ஏஜெண்ட் போனில் "தாராளமாக வையுங்கள்" என்றார். நானும் வைத்தேன். காலி செய்கிறபோது வேறொருவர் வந்து பார்த்தார், கதவு முழுவதற்கும் முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். போனில் சொன்னதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. அதனால் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்தக் கதவு, எந்த இடம், என்ன அளவு, போகும்போது பழைய நிலைக்கு மாற்றித் தருவது யார் பொறுப்பு, எல்லாம் அதில் இருக்கட்டும். பதில் வந்த பிறகு பெட்டியைப் பிரியுங்கள். பூனை வளர்க்க அனுமதி கிடைத்தால் கதவில் துளை போடவும் அனுமதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், இரண்டும் வேறு வேறு.

அடுக்குமாடியில் பொது நடைவழிக்குத் திறக்கும் வாசல் கதவு பெரும்பாலும் தீத்தடுப்புக் கதவு. வீட்டிலிருந்து கார் ஷெட்டுக்குப் போகும் உள்கதவும் பல இடங்களில் அப்படித்தான். தீயும் புகையும் குறிப்பிட்ட நேரம் வரை அதைத் தாண்டி வராமல் தடுக்கச் செய்தது அது. அதில் ஒரு துளை விழுந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். உங்கள் சொந்த வீடாக இருந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

பூனையை வெளியே விடுவது எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் புதிதாக வந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் பூனை தன்பாட்டுக்குத் தோட்டம் தோட்டமாகச் சுற்றுவது சாதாரணம். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனைகளை வீட்டு எல்லைக்குள்தான் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வட அமெரிக்காவில் கயோட்டிகள் (ஓநாய் போன்ற காட்டு விலங்குகள்) திரியும் பகுதிகளில் பூனையை உள்ளேயே வளர்ப்பவர்கள் அதிகம். இப்படிப்பட்ட இடங்களிலும் பூனைக்கதவு பயன்படும். வலையடித்த கூண்டுமுற்றம் ஒன்றைச் சுவரோடு ஒட்டி அமைத்து, அதற்குப் போகிற வழியாக வைக்கலாம். பூனை கழிப்பிடமாகப் பயன்படுத்தும் மணல்தட்டு இருக்கும் அறைக்கதவில் சாதாரண ஃபிளாப் ஒன்றை மாட்டுபவர்களும் உண்டு. முதலில் உங்கள் உள்ளாட்சியின் விதியைப் பாருங்கள்.

சரி, கதவுக்கு வருவோம்.

மரக்கதவு என்றால் வேலை எளிது. யூபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) கதவின் கீழ்ப்பலகையும் வெட்டலாம், ஆனால் பலகையை மட்டும்தான், சட்டத்தில் கை வைக்கக் கூடாது. உலோகக் கதவில், பூனையின் உடலில் உள்ள மைக்ரோசிப்பைப் படித்துத் திறக்கும் வகையை வைத்தால் சுற்றியுள்ள உலோகம் அதன் ஆன்டெனாவைக் குழப்பும். அதற்கென்று தனிச் சட்டம் விற்கிறார்கள், துளையும் பெரிதாகப் போட வேண்டும். சுவரில் வைப்பது நடக்காத காரியமில்லை. ஆனால் உள்ளே மின்கம்பி, தண்ணீர்க் குழாய், இரட்டைச் சுவரின் இடைவெளி எல்லாம் இருக்கும். ஈரம் உள்ளே இறங்கினால் பெரிய செலவு. அதை ஆள் வைத்தே செய்யுங்கள்.

கண்ணாடிக் கதவு பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள், தவறும் அங்கேதான் அதிகம் நடக்கிறது. கதவுகளில் பெரும்பாலும் டஃபன்டு கண்ணாடி போட்டிருப்பார்கள். சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கியது. அதன் மேற்பரப்பு இறுக்கத்திலும் உட்புறம் இழுவிசையிலும் நிற்கிறது. ஓரிடத்தில் துளையிட்டால் அந்தச் சமநிலை குலைந்து முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் டஃபன்டு கண்ணாடியை வந்து வெட்டித் தர முடியாது. இரட்டைக் கண்ணாடி என்றால் நடுவில் அடைத்துவைத்த வாயுவும் உண்டு. ஆக, வட்டத் துளையோடு புதுக் கண்ணாடியைத் தொழிற்சாலையிலேயே செய்து வாங்கி மாற்றுவதுதான் ஒரே வழி. செலவு கூடுதல்தான். இருந்தாலும் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதில் ஒரு நல்லது இருக்கிறது: பழைய கண்ணாடி முழுதாகக் கழன்று வரும். நான் இரண்டாவது வீட்டில் அதைப் போர்வையில் சுற்றிக் கட்டிலுக்குப் பின்னால் நிற்கவைத்திருந்தேன். காலி செய்யும்போது திரும்ப மாட்டிக் கொடுத்தேன், ஒரு பேச்சும் வரவில்லை.

தள்ளுகதவு உள்ளவர்கள், தண்டவாளத்தில் செருகி நிறுத்தும் நெடும்பலகை வாங்கலாம். எதையும் வெட்ட வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். பலகை இருக்கும்போது கதவின் சொந்தப் பூட்டு சட்டத்தைத் தொடாது. வேறு பூட்டு போடாமல் தூங்கப் போகாதீர்கள்.

இனி வகைகள். வெறும் ஃபிளாப் மலிவு, ஆனால் எந்தப் பூனையும் நுழையும். காந்த வகைக்குக் கழுத்துப்பட்டையில் காந்தம் தொங்க வேண்டும். பட்டை கழன்று விழுந்த நாளில் பூனை வெளியே மாட்டிக்கொள்ளும், அதே மாதிரி காந்தம் வைத்திருக்கும் அடுத்த வீட்டுப் பூனையும் வந்துவிடும். என்னைக் கேட்டால் மைக்ரோசிப் படிக்கும் வகையைத்தான் சொல்வேன். எங்கள் வீட்டுக்குத் தினமும் ஒரு தடிப்பூனை வந்து, தட்டைக் காலி செய்து, சோபா ஓரத்தில் சிறுநீர் தெளித்துவிட்டுப் போகும். எங்கள் பூனை பயந்து அலமாரி மேலேயே நாளைக் கழித்தாள். சிப் கதவு மாட்டிய பிறகுதான் கீழே இறங்கினாள்.

அந்தச் சிப் அரிசி மணி அளவுதான். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் இருக்கும். அதில் பேட்டரி கிடையாது, படிக்கும் கருவியின் அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு 15 இலக்க எண்ணைத் திருப்பிச் சொல்லும். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் 20 வாரம் கடந்த வீட்டுப் பூனைகளுக்கு இது கட்டாயம். விமானத்தில் கூட்டிவந்த பூனைகளுக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே போட்டிருப்பார்கள். ஐரோப்பிய நாடுகள் சிப் போட்டதற்குப் பிறகு போட்ட ரேபிஸ் ஊசியைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. சிப் கதவு வாங்குவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில பூனைகளில் சிப் தோளிலிருந்து கீழே நகர்ந்திருக்கும், கதவின் கருவி எட்டிப் படிக்காது.

இரண்டு பூனை இருந்து ஒன்று மட்டும் வெளியே போகலாம் என்றால், போகும்போதும் படிக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரணச் சிப் கதவு உள்ளே வருபவரை மட்டுமே சோதிக்கும், வெளியே யார் போனாலும் விட்டுவிடும்.

அளவுக்கு வருகிறேன். வழக்கமான சிப் கதவின் வழி ஏறக்குறைய 14 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். 4, 5 கிலோ பூனைக்கு இது போதும். பூனையின் காறை எலும்பு மற்ற எலும்புகளோடு இணையாமல் தசையில் மிதப்பதால், தலை போகிற இடத்தில் உடம்பும் போய்விடும். மெயின் கூன் மாதிரிப் பெரிய இனத்துக்கும் தொப்பை விழுந்த பூனைக்கும் பெரிய அளவு வேண்டும். குட்டியை வைத்து அளக்காதீர்கள்.

உயரம்தான் நான் தவறு செய்த இடம். வழியின் கீழ்விளிம்பு பூனையின் வயிற்றுக்குச் சமமாக இருக்க வேண்டும், பெரும்பாலான பூனைகளுக்குத் தரையிலிருந்து 12 முதல் 15 செ.மீ. நான் வீட்டுக்குள்ளிருந்து அளந்து கச்சிதமாக வெட்டினேன். வெளியே படி இறங்கிய இடத்தில் தரை இன்னும் 20 செ.மீ. கீழே இருந்தது, அதை அளக்கவில்லை. பூனை சுலபமாக வெளியே குதித்தாள். திரும்பி வரும்போது பின்னங்கால்களில் நின்று, முன்கால்களால் விளிம்பைப் பிடித்து, தலையால் ஃபிளாப்பைத் தள்ளப் பார்த்தாள். ஃபிளாப் மூக்கில் வந்து அடித்தது. மூன்றாம் முறைக்குப் பிறகு முயற்சி செய்யாமல் மழையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அகலமான கல்லொன்றைப் படியாகப் போட்டுச் சரிசெய்தேன். இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். வயதான, மூட்டுவலி உள்ள பூனைக்கு இரண்டு பக்கமும் படி வேண்டும்.

வெட்டும் நாள். பெட்டியில் வரும் காகித அச்சைக் கதவில் ஒட்டி, ரசமட்டம் வைத்து நேராக்குங்கள். கோடு விழும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் மரம் சிலும்பாது. நான்கு மூலையிலும் ஜிக்சா பிளேடு நுழையும் அளவுக்கு டிரில்லால் துளை போட்டு, மூலையிலிருந்து மூலைக்கு நிதானமாக அறுங்கள். கடைசிப் பக்கம் முடியும்போது துண்டு தன் எடையில் முறிந்து விழும், யாரையாவது மறுபக்கம் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அறுத்த மரவிளிம்பு பச்சையாக இருக்கும். அதற்கு வர்ணம் பூசாமல் மூடினால் ஒரே மழைக்காலத்தில் ஊறி உப்பிவிடும், பொறுமையாகப் பூசிக் காயவிடுங்கள். அப்புறம் திருகு. நன்றாக இறுக வேண்டும் என்று முழு பலத்தையும் போட்டால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்து ஃபிளாப் உரசும், பாதியில் நின்றுவிடும். கையால் முறுக்கி, விரலால் ஆட்டிப் பார்த்து, மறுபடி கொஞ்சம் முறுக்கினால் போதும். கதவின் தடிமனை முன்பே அளந்துகொள்ளுங்கள், தடிமனான கதவுக்கு நீட்டிப்புக் குழாய் தனியாக வாங்க வேண்டும்.

துளை வழியாக யாராவது கையை விட்டால் வீட்டுப் பூட்டும் சாவியும் எட்டாத இடமாகப் பாருங்கள். எங்கே வைத்தாலும் சாவியைக் கதவிலேயே விடுவதை நிறுத்திவிடுங்கள். வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டியாயிற்று, பூனை பக்கத்திலேயே வரவில்லை என்று வருத்தப்படுபவர்களுக்கு: அது பயம்தான், பிடிவாதம் இல்லை. சிப் பூட்டு "க்ளிக்" என்று விழும் சத்தம் மனிதக் காதுக்கு ஒன்றுமில்லை, தலையை உள்ளே விட்டிருக்கும் பூனைக்குப் பெரிய சத்தம். முதல் சில நாள் ஃபிளாப்பை டேப்பால் மேலே தூக்கி ஒட்டி வெறும் துளையாக விடுங்கள். மறுபக்கத்தில் உட்கார்ந்து பிடித்த தீனியைக் காட்டிக் கூப்பிடுங்கள். வரப் பழகியதும் பாதி இறக்குங்கள், பிறகு முழுதாக. பூட்டைக் கடைசியில் இயக்குங்கள். எங்களுக்கு 9 நாள் ஆனது. சில பூனைகளுக்கு வாரக்கணக்கில் ஆகும். பிடித்துத் துளைக்குள் தள்ளுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், ஒருமுறை தள்ளினால் அந்தக் கதவையே வெறுத்துவிடும். தீனித் தட்டும் மணல்தட்டும் கதவுக்கு நேரெதிரே இருக்க வேண்டாம். முதுகுக்குப் பின்னால் யார் வருவார்களோ என்ற பதற்றத்தோடு எந்தப் பூனையும் சாப்பிடாது.

புது வீட்டுக்கு வந்து 2, 3 வாரமாவது உள்ளேயே வைத்திருந்த பிறகே வெளியே விடுங்கள். அதற்கு முன் தடுப்பூசியும் கருத்தடையும் முடிந்திருக்க வேண்டும். நான்குநிலைப் பூட்டு உள்ள மாடல் என்றால் "உள்ளே மட்டும்" என்ற நிலை இருக்கும். பொழுது சாயும் முன் அதில் திருப்பி வையுங்கள். வந்த பூனை திரும்பப் போகாது. பறவைகளும் சின்ன விலங்குகளும் அதிகம் பிடிபடுவது அந்தியிலும் விடியலிலும்தான், இருட்டில் சாலையும் ஆபத்து.

குளிர்காலத்தில் காற்று வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஃபிளாப்பின் ஓரத்து மயிர்ப்பட்டை தேய்ந்திருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் அதுதான் காரணம். பேட்டரியையும் குளிர் தொடங்கும் முன் மாற்றிவிடுங்கள். பேட்டரி தீர்ந்தால் சிப்பைப் படிக்காது, பூனை வெளியே காத்திருக்கும்.

உங்கள் கதவுக்கு எது சரிவரும் என்று கேட்பவர்கள், உள்ளே ஒன்று வெளியே ஒன்று என இரண்டு படம் போடுங்கள். கதவின் தடிமனும், இரு பக்கத் தரையிலிருந்து உள்ள உயரமும், பூனையின் எடையும் சேர்த்து எழுதுங்கள். சொந்த வீடா வாடகையா என்பதையும் சொல்லுங்கள், பார்த்துப் பதில் சொல்கிறேன்.