மறு: வெட் சக்‌ஷனுக்கு ‘ஈர உறிஞ்சல்’ சரிப்படுமா?

எல்லோருக்கும் வணக்கம்.

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். கணையக் கட்டியை எண்டோஸ்கோப் வழியாக மீயொலியில் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தித் திசு எடுக்கிறார்களே, அதைப் பற்றி நோயாளிகளுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் இதற்குக் கோவைக்கு இறங்குகிறவர்கள்.

திசுவை ஊசிக்குள் வரவைக்க மூன்று முறைகள் உண்டு. அவற்றுக்கு ட்ரை சக்‌ஷன் ‘உலர் உறிஞ்சல்’, வெட் சக்‌ஷன் ‘ஈர உறிஞ்சல்’, ஸ்லோ புல் ‘மெது இழுப்பு’ என்று போன மடலில் வந்திருந்தது. சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் எது உலர்ந்திருக்கிறது, எது ஈரமாக இருக்கிறது, எதை இழுக்கிறார்கள்?

முதலில் இழுப்பு. மெதுவாக வெளியே வருவது ஊசி இல்லை, ஊசிக்குள் இருக்கும் ஸ்டைலெட் என்கிற மெல்லிய கம்பி. மருத்துவர் ஊசியைக் கட்டிக்குள் முன்னும் பின்னும் ஓட்ட, உதவியாளர் அந்தக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவுவார். உருவ உருவ ஊசிக்குள் லேசான உறிஞ்சல் உண்டாகும். சிரிஞ்சைவிட வலு குறைவு, ரத்தக் கலப்பும் பெரும்பாலும் குறைவு. வாளை உறையிலிருந்து உருவுகிற அதே வினை கையில் இருக்க, இழுப்பு எதற்கு? ‘கம்பி உருவல்’ என்போம். (ஸ்டைலெட்டுக்கு ஒருவர் அகராதி பார்த்து ‘எழுத்தாணி’ என்றிருந்தார். கட்டிக்குள் ஓலையா எழுதப்போகிறோம்? ‘உள்கம்பி’ போதும்.)

அப்புறம் வெட் சக்‌ஷன். எங்கள் வீட்டுக்கு மேல்சரிவு ஊற்றிலிருந்து ஓஸில்தான் தண்ணீர். காற்று அடைத்துக்கொண்டால் வாய் வைத்து எவ்வளவு இழுத்தாலும் உள்ளே இருக்கும் காற்றுதான் விரிந்து கொடுக்கும். ஓஸ் முழுக்கத் தண்ணீர் நிரப்பிவிட்டால் இந்த முனையில் இழுப்பது அந்த முனைக்கு உடனே எட்டும். இங்கேயும் அதே சங்கதி. 22 கேஜ், 25 கேஜ் என்று மெல்லிய ஊசி, ஒரு மீட்டரைத் தாண்டும் நீளம். உள்கம்பியை எடுத்துவிட்டு முதலிலேயே சலைன் நிரப்பி, அதன் பிறகு சிரிஞ்சால் இழுக்கிறார்கள். ட்ரை சக்‌ஷனில் அதே 10 அல்லது 20 மி.லி. சிரிஞ்ச்தான், ஊசிக்குள் வெறும் காற்று. ஆக வேறுபாடு ஊசிக்குள் இருப்பதில். ‘நீர்நிறை உறிஞ்சல்’, ‘வெற்று உறிஞ்சல்’ என்று வைத்தால் என்ன?

—

குன்னூரிலிருந்து:

அக்கா, வணக்கம். ‘கம்பி உருவல்’ அருமை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ‘நீர்நிறை உறிஞ்சல்’தான் இடிக்கிறது. நீர்க்கட்டியில் இருக்கும் நீரை உறிஞ்சுவது என்று படித்துவிடுவார்கள். நாம் பேசுவது கெட்டியான கட்டி. பெயரிலேயே ஊசியைக் கொண்டுவந்துவிட்டால்? ‘நீரூசி’, ‘வெற்றூசி’. வெற்றிடம், வெற்றிலை மாதிரி புணர்ச்சியும் உறுத்தாது.

—

தம்பி, நீர்க்கட்டி எனக்குத் தோன்றவே இல்லை. சரி, நீரூசி உறிஞ்சல், வெற்றூசி உறிஞ்சல், கம்பி உருவல். முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் ‘சலைன் நிரப்பிய நீரூசி’ என்று எழுதிவிடுகிறேன். மூன்றில் எது மேல் என்று கையேட்டில் சொல்லப்போவதில்லை. கட்டியைப் பொறுத்தும் ஊசியைப் பொறுத்தும் மருத்துவர் முடிவு செய்வது அது.

இன்னொரு சிக்கல். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் படித்துக்காட்டினேன். ‘உறிஞ்சல்’ வந்ததும், “அட்டை மாதிரியா?” என்று காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மழைக்காலத்தில் தேயிலைக்குள் இறங்குகிறவர், வேறு என்ன நினைப்பார்? ‘ஈர்ப்பு’ என்று மாற்றினால் புவியீர்ப்பு வந்து நிற்கிறது. யாரிடமாவது வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள்.