சிரட்டையில் கூழ் குடித்தார்களா, இல்லையா?

வடலி:
போன கிழமை யாழ்ப்பாணத்தில் ஒரு நூல் வெளியீடு. பேசியவரின் பெயர் வேண்டாம், மைக் கையில் கிடைத்தால் இலேசில் விடமாட்டார். ஈழத்து எழுத்தாளர்கள் கூழும் கிடுகு வேலியும் கிணற்றடியும் என்று அன்றாடத்தை எழுதி எழுதியே சிறுத்துப் போனார்களாம், இலக்கியம் என்றால் பெரிய விசயங்களைத் தொட வேண்டுமாம். அதற்கு அவர் காட்டிய உதாரணம் இந்த இணையக் களத்தில் முன்பு பகிரப்பட்ட அந்தக் கிணறு இறைப்புக் கதை. வாசிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வீட்டில் கிணறு இறைக்கிறார்கள். மத்தியானம் ஆச்சி காயவைத்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சி வீட்டாருக்கும் சொந்தக்காரருக்கும் பனையோலையில் முடிந்த பிளாவில் வார்க்கிறாள். கிணற்றுக்குள் இறங்கிச் சேறு அள்ளியவர் முற்றத்துக்கு வெளியே குந்தியிருக்கிறார். வேலித் தடியான கதியாலில் செருகியிருந்த தேங்காய்ச் சிரட்டையை அவரே எடுத்து நீட்டுகிறார், ஆச்சி உயரத்தில் இருந்து வார்க்கிறாள். குடித்து முடித்ததும் சிரட்டையை அதே கதியாலில் செருகிவிட்டுப் போகிறார். கதை அவ்வளவுதான், விளக்கம் என்று ஒரு வசனம்கூட இல்லை. இதைப் போய் 'சமையல் குறிப்பு' என்று சொல்லிக் கைதட்டு வாங்கினார் மனுசன். எனக்கு வந்த கோபத்தில் தேத்தண்ணி குடிக்காமலே எழும்பி வந்துவிட்டேன்.

ஒற்றைப்பனை:
பேச்சாளர் சொன்னது சரியோ பிழையோ, அது கிடக்கட்டும். கதையில் பெரிய பிழை ஒன்று இருக்கிறது, அதை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஒடியல் கூழைச் சிரட்டையில் குடிக்கிற வழக்கம் யாழ்ப்பாணத்தில் இல்லை. பிளாதான். பனை நிற்கிற ஊரில் ஓலைக்கு என்ன பஞ்சம்? ஒரு ஓலையை எடுத்து மடித்து முடிந்தால் பிளா. எழுதியவர் எங்கேயோ குளிர் தேசத்தில் இருந்துகொண்டு ஊர் வாசம் தெளித்திருக்கிறார். குடித்த ஏனத்தையே சரியாக எழுதத் தெரியாத ஆளுக்கு அன்றாட வாழ்க்கையின் அர்த்தம் மட்டும் எப்படித் தெரியும்?

மாரிமழை:
அந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு இடம். சேறு அள்ளியவர் மேலே ஏறி வந்ததும் கை கழுவ வேண்டும். வாளி பக்கத்திலேயே இருக்கிறது. அவர் அதைத் தொடவில்லை, வீட்டுப் பொடியன் தண்ணீர் ஊற்றும்வரை கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். கிணற்றின் அடிவரை இறங்கிச் சுத்தம் செய்த மனிதர் அதே கிணற்றின் வாளியைத் தொடக்கூடாது. இரண்டு வரியில் வந்து போகிறது. இதைவிடப் பெரிய விசயம் என்ன இருக்கிறது?

ஒற்றைப்பனை:
தங்கச்சி, வாளி சரி. நான் கேட்டது சிரட்டை.

பண்டிதர்வளவு:
அன்றாடம் இலக்கியமாகாது என்று சொன்னவர் குறுந்தொகை படிக்கவில்லை போலும். 167ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் கலியாணம் முடித்த பெண் தயிர் பிசைந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொள்கிறாள், தாளிக்கும் புகை கண்ணில் பட்டுக் கரிக்கிறது, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் 'இனிது' என்று சாப்பிட அவள் முகம் மெல்ல மலர்கிறது. முழுப்பாட்டும் குசினிக்குள்தான் நடக்கிறது. இதையும் சமையல் குறிப்பு என்பாரா?

ஒற்றைப்பனை:
பண்டிதர் சங்கத்துக்குப் போய்விட்டார், வழமைதானே. அந்தப் பாட்டில் தயிர் தயிராக இருக்கிறது, புகை புகையாக இருக்கிறது. சாமான் பிழைக்கவில்லை, அதனால்தான் பாட்டு இத்தனை காலம் நிற்கிறது. எனக்குச் சாதகமான சாட்சியைக் கொண்டுவந்ததற்கு நன்றி.

புகையிலைத்தோட்டம்:
ஒற்றைப்பனை ஐயா, நீங்கள் எந்த யாழ்ப்பாணத்தில் பிறந்தீர்கள் என்று கேட்கலாமா? எங்கள் அப்பு கூழ் குடித்தது சிரட்டையில். கள்ளும் சிரட்டையில். தேத்தண்ணிக் கடைக்குப் போனால் போத்தலும் தகரப் பேணியும். பிளா உங்கள் வளவுக்கு உள்ளே இருந்தது, நாங்கள் வளவுக்கு வெளியே இருந்தோம். உள்ளே இருந்து பார்த்தவருக்கு வேலியில் செருகியிருந்தது தெரியாமல் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. 1957இல், சாதி பார்த்துத் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. வந்து என்ன? 1966 ஒக்டோபரில் சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்குத் தீண்டாமைக்கு எதிராக ஊர்வலம் போக வேண்டியிருந்தது, தேத்தண்ணிக் கடைக்குள் எல்லாரையும் போல இருந்து ஒரே கிளாசில் குடிப்பதற்குச் சங்கானையில் அடிபட வேண்டியிருந்தது, 1968இல் உள்ளே விடச்சொல்லி மாவிட்டபுரம் கோயில் வாசலில் குந்தியிருக்க வேண்டியிருந்தது. நீங்கள் ஓலை முடிகிற கதை சொல்கிறீர்கள்.

ஒற்றைப்பனை:
தம்பி, உணர்ச்சிவசப்படாதீர்கள். சாதி இருக்கவில்லை என்று நான் எங்கே எழுதினேன்? காட்டுங்கள். தேத்தண்ணி வேறு, கள் வேறு, கூழ் வேறு. கடையில் போத்தல் வைத்ததும் பேணி வைத்ததும் எனக்குத் தெரியும். நான் கேட்டது கூழ். ஒடியல் கூழுக்குள் நண்டு கிடக்கும், மீன் துண்டு கிடக்கும், பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு எல்லாம் கிடக்கும். சிரட்டை எவ்வளவு கொள்ளும்? நண்டுக் காலை எங்கே வைப்பது? இதை யோசிக்காமல் எழுதினால் அது கதை, வாழ்க்கை இல்லை.

புகையிலைத்தோட்டம்:
நண்டு அவருக்கு வார்க்கப்பட்டது என்று யார் சொன்னது?

மாரிமழை:
இந்த ஒரு வரி போதும்.

ரொறன்ரோப்பூனை:
அண்ணைமார், நான் ஒன்று சொல்லலாமா? நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டில் பிள்ளைகள் ஓடிப் போய்ப் பலாவிலை பொறுக்கிக் கோலிக்கொண்டு வர அம்மா அகப்பையால் அள்ளி வார்க்கிறா. பிளாவும் இல்லை, சிரட்டையும் இல்லை! இங்கே கோடை ஒன்றுகூடலில் பிளாஸ்டிக் கோப்பையில் குடிக்கிறோம், ருசிக்கு ஒரு குறையும் இல்லை :)

ஒற்றைப்பனை:
அது ஆடிக்கூழ். அரிசிமா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி போட்டது. இனிப்புக் கூழ். நாங்கள் கதைப்பது ஒடியல் கூழ். வெளிநாடு போனவர்களுக்கு இரண்டும் ஒன்றாகிப்போனது, வருத்தமான விசயம். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மேல் தண்ணீரை வடித்துக் கயர்ப்பை எடுத்து, செத்தல் மிளகாயை அரைத்துப் பழப்புளியோடு கரைத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் கோப்பையாம்.

ரொறன்ரோப்பூனை:
பாட்டைச் சொன்னதற்கு இவ்வளவு பேச்சா? ஊருக்குக் காசு அனுப்பும்போது மட்டும் வெளிநாட்டுக்காரன் இனிக்கிறான்.

வடலி:
நண்பர்களே, திரி எங்கேயோ போகிறது. நான் தொடங்கியது சிரட்டையைப் பற்றி இல்லை. சின்ன விசயத்தில் இலக்கியம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எங்கள் ஈழத்துக் கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தியை எடுங்கள். புத்தகம் வாசித்துக்கொண்டிருக்கையில் புள்ளியளவில் ஒரு பூச்சி கையில் பட்டுச் செத்துப்போகிறது. அதை வைத்து ஒரு கவிதை. அந்தப் பூச்சியிடமே மன்னிப்புக் கேட்கிறார். அதே மனுசன்தான், சந்திரனுக்கு ஆள் போன காலத்தில் தேர்வடம் பிடிக்க வந்தவனைச் சாதி பார்த்து ஊரே சேர்ந்து அடித்து விழுத்தியதையும் எழுதினார். பூச்சியைக் கண்ட கண்தான் அவனையும் கண்டது என்று நான் நினைக்கிறேன். டொமினிக் ஜீவா சலூனில் வேலை செய்தவர், 1966இல் மல்லிகை சஞ்சிகையைத் தொடங்கினார். பழைய மல்லிகை இதழ்கள் நூலகம் இணையத்தளத்தில் கிடக்கின்றன, எடுத்துப் பார்க்கலாம். 1972இல் டானியலின் பஞ்சமர் நாவல் வந்தது. இவர்கள் எல்லாம் அன்றாடத்தை எழுதிச் சிறுத்தா போனார்கள்?

ஒற்றைப்பனை:
மஹாகவி பூச்சியைப் பார்த்தபின் எழுதினார். பாராத யானையை எழுதவில்லை. நான் சொல்வதும் அதேதான், எல்லாரும் சுற்றிச் சுற்றி என் பக்கமே வருகிறீர்கள், ஒத்துக்கொள்ளத்தான் மனம் இல்லை. ஜீவாவும் டானியலும் தங்களுக்குத் தெரிந்ததை எழுதினார்கள். இந்தக் கிணறு இறைப்பு எழுத்தாளர் தெரியாததை எழுதியிருக்கிறார். சேறு அள்ளுகிற இடமும் எனக்குச் சந்தேகம்தான், கதையில் வருவதுபோல மாரி முடிந்தவுடனே யார் கிணறு இறைப்பார்கள், தண்ணீர் வற்றி நிற்கும்போதுதானே இறைப்பார்கள்? ஆனால் அதைப் பெருந்தன்மையாக விட்டுவிடுகிறேன். சிரட்டையை விடமாட்டேன். கூழ் சிரட்டையில் குடித்ததற்கு ஒரு ஆதாரம், எழுத்தில், காட்டுங்கள். நாளைக்கே எழுத்தாளரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

புகையிலைத்தோட்டம்:
எழுத்தில் ஆதாரம்! எழுதியவன் எல்லாம் பிளாவில் குடித்தவன். சிரட்டையில் குடித்தவன் எழுதத் தொடங்கியவுடன் 'ஆதாரம் எங்கே' என்கிறீர்கள். அந்தக் கதைதான் ஐயா ஆதாரம். எழுதியவர் குளிர் தேசத்தில் இருக்கிறார் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்கள். அவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர், தெரியுமா?

ஒற்றைப்பனை:
பக்கத்து ஊர் என்றால்? உங்களுக்குச் சொந்தமோ?

புகையிலைத்தோட்டம்:
சொந்தம் என்றால் கதை பிழையாகிவிடுமா?

ஒற்றைப்பனை:
பிழை ஆகாது. ஏன் இவ்வளவு வரிந்துகட்டுகிறீர்கள் என்பது மட்டும் விளங்குகிறது.

பண்டிதர்வளவு:
இடையில் ஒன்று. ஒற்றைப்பனை 'வழமைதானே' என்று எழுதியதை நான் கவனிக்காமல் இல்லை. போன வருடக் கவியரங்கத்தில் என் வெண்பாவில் தளை தட்டுகிறது என்று சபையில் சொன்னாரே, அது தட்டவில்லை. அன்றைக்கே நிறுவியிருப்பேன், நேரம் தரவில்லை.

ஒற்றைப்பனை:
தட்டியது. மூன்றாம் அடி.

பண்டிதர்வளவு:
மூன்றாம் அடியில் காய்முன் நேர். வெண்சீர் வெண்டளை. போய்ப் படியுங்கள்.

மட்டுறுத்துனர்:
வெண்பாவுக்குத் தனித் திரி இருக்கிறது. சொந்தம், சாதி என்று தனிப்பட்ட முறையில் தாக்கினால் பதிவு தூக்கப்படும்.

மாரிமழை:
யாராவது அந்த வாளியைப் பற்றி ஒரு சொல் எழுதுவீர்களா?

ரொறன்ரோப்பூனை:
தங்கச்சி, நான் வாசித்தேன், நல்ல இடம். பலாவிலைக்கு விழுந்த அடியில் வாய் திறக்கப் பயமாகக் கிடக்கிறது.

ஒற்றைப்பனை:
வாளி நல்ல இடம் என்று நானும் ஒத்துக்கொள்வேன், கதை எழுதத் தெரிந்த ஆள் என்றும் ஒத்துக்கொள்வேன். அதனால்தான் கேட்கிறேன், வாளியை இவ்வளவு சரியாகக் கண்டவர் சிரட்டையில் ஏன் சறுக்கினார்? கள்ளுக்கு இருந்த வழக்கத்தைக் கொண்டுவந்து கூழுக்குப் போட்டுவிட்டார். வேறு ஒன்றும் இல்லை. எங்கள் ஆச்சி காய்ச்சிய கூழை நான் கண்ணால் கண்டவன், கையால் பிளா முடிந்தவன்.

புகையிலைத்தோட்டம்:
முற்றத்துக்கு வெளியே குந்தியிருந்தவருக்கு யார் பிளா முடிந்து கொடுத்தது? நீங்களா?

ஒற்றைப்பனை:
அப்போது நான் சின்னப் பொடியன்.

புகையிலைத்தோட்டம்:
கேள்வி வயசு இல்லை.

ஒற்றைப்பனை:
கேள்வி சிரட்டை. அதற்கு இன்னும் பதில் வரவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவும். வடலி, நீங்களாவது சொல்லுங்கள், அந்த வெளியீட்டில் பேசியவர் இதைக் குறிப்பிட்டாரா?

வடலி:
இல்லை. அவர் கதையை வாசித்தாரா என்பதே எனக்குச் சந்தேகம். அதோடு ஒற்றைப்பனை, என்னிடம் வாங்கிய பஞ்சமர் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. அதைத் திறந்து பார்த்திருந்தால் இந்தத் திரியே பாதியாகக் குறைந்திருக்கும்.

ஒற்றைப்பனை:
அது என்னிடம் இல்லை. பண்டிதருக்குக் கொடுத்தேன்.

பண்டிதர்வளவு:
எனக்குத் தந்தது அட்டை இல்லாத வேறொரு புத்தகம். என்னை ஏன் இழுக்கிறீர்கள்?