“நாங்கள் முறையாக வந்தோம், அவர்களும் வரலாமே”: மலர்க் கட்டுரைக்குத் தகவல் சரிபார்ப்பு

மலர்க்குழு:
எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு, 1971இல் அமெரிக்கா வந்த மூத்த உறுப்பினர் ஒருவர் குடியேற்றம் பற்றிக் கட்டுரை தந்திருக்கிறார். ஐயாவின் கருத்தில் கைவைக்கும் எண்ணம் இல்லை. மூன்று வாக்கியங்களில் தகவல் சரியா என்று மட்டும் பார்க்க வேண்டும்.
1. “நாங்கள் வரிசையில் நின்று வந்தோம், யார் வேண்டுமானாலும் அப்படி வரலாம்.”
2. “பேப்பர் இல்லாதவர்கள் எல்லாரும் எல்லை தாண்டி வந்தவர்கள்.”
3. “பல வருடம் இங்கே இருப்பவர்கள் மனசு வைத்தால் பேப்பரைச் சரிசெய்துகொள்ளலாம்.”
விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒஹாயோக்காரர்:
முதல் வாக்கியத்தில் முன்பாதி சரி. பின்பாதி இன்றைக்குப் பொருந்தாது.

1946 முதல் இந்தியாவுக்கு ஆண்டு ஒதுக்கீடே 100தான். அதிபர் லிண்டன் ஜான்சன் 1965இல் கையெழுத்திட்ட சட்டம் 1968இல் முழுதாக அமலானதும் அது ஒரு நாட்டுக்கு 20,000 வரை என்று ஆனது. இடம் ஏராளம், கேட்டவர்கள் கொஞ்சம். படிப்பைக் காட்டி ஊரிலேயே குடியேற்ற விசா வாங்கி, இறங்கும்போதே நிரந்தரவாசியாக இறங்கிய டாக்டர்களும் இன்ஜினியர்களும் அந்தத் தலைமுறையில் நிறைய.

இப்போது வேலைவழி கிரீன் கார்டு உலகம் முழுமைக்கும் ஆண்டுக்கு சுமார் 1,40,000. மனைவி, பிள்ளைகளும் அதற்குள்ளேதான். ஒரு நாட்டுக்குப் பொதுவாக 7 சதவீதம்தான். கம்பெனி முதலில் தொழிலாளர் துறையிடம் சம்பள நிர்ணயம் வாங்க வேண்டும், விளம்பரம் கொடுத்து உள்ளூரில் ஆள் இல்லை என்று காட்ட வேண்டும், பிறகு பெர்ம் என்ற தொழிலாளர் துறைச் சான்று, பிறகு ஐ-140 என்ற குடியேற்ற மனு. இத்தனைக்கும் பிறகு இந்தியர், மேற்படிப்புக்காரர்களுக்கான இபி-2 பிரிவில், யார் முறை வந்தது என்று மாதந்தோறும் சொல்லும் விசா புல்லட்டினைப் பத்து வருடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

இது படித்தவர் கதை. கோழி ஆலையில் வேலை செய்பவர், வீடு துடைப்பவர் என்றால் ‘அதர் வொர்க்கர்ஸ்’ என்ற ஒரே பிரிவு, அதிகபட்சம் 10,000, அதுவும் எல்லா நாட்டுக்கும் சேர்த்து. வயல் வேலைக்கு எச்-2ஏ என்ற தற்காலிக விசா உண்டு, ஆனால் பருவம் முடிந்தால் திரும்ப வேண்டும், அதிலிருந்து கிரீன் கார்டுக்கு நேர் வழி கிடையாது. சிட்டிசனாகிவிட்டவர் தன் அண்ணன் தம்பிக்கு மனுப்போடும் எஃப்-4 பிரிவில் இந்தியாவுக்கு 15 வருடத்தைத் தாண்டிய காத்திருப்பு. லாட்டரி விசாவில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இடமே கிடையாது.

ஆகவே “யார் வேண்டுமானாலும்” என்பதை எடுத்துவிடச் சொல்லுங்கள். மனுப்போட இங்கே ஒரு முதலாளியோ நெருங்கிய சொந்தமோ இல்லாதவருக்குப் பெரும்பாலும் நிற்கவே வரிசை கிடையாது.

படிவம்_பார்ப்பவர்:
இரண்டாவது தவறு. கணிசமானவர்கள் முறையான விசாவில் விமானத்தில் வந்து, ஐ-94இல் (எதுவரை தங்கலாம் என்று நுழையும்போது தரும் பதிவு) உள்ள தேதி தாண்டியும் தங்கிவிட்டவர்கள். சட்டமும் இரண்டையும் வேறாகத்தான் பார்க்கிறது. சோதனைச் சாவடியைத் தவிர்த்து எல்லை தாண்டுவது முதல் தடவையே குற்றம், ஆறு மாதம் வரை சிறை. தேதி தாண்டித் தங்குவது அப்படிப்பட்ட குற்றமல்ல, ஆனால் நாடு கடத்தக் காரணம்.

மூன்றாவதுதான் பெரிய பிழை. ரீகன் காலத்து 1986 சட்டம் 1982க்கு முன் வந்தவர்களுக்கும் சில விவசாயத் தொழிலாளிகளுக்கும் பொதுவழி திறந்தது, 27 லட்சம் பேர் அளவில் பயனடைந்தார்கள். அதன்பின் அந்த அளவுக்கு எதுவும் இல்லை. 1,000 டாலர் அபராதம் கட்டி இங்கிருந்தே கிரீன் கார்டுக்கு மாறிக்கொள்ள விட்ட 245(ஐ) பிரிவு, 2001 ஏப்ரல் 30க்குள் மனு விழுந்தவர்களுக்கு மட்டும்.

‘ரெஜிஸ்ட்ரி’ என்று ஒரு பழைய விதி உண்டு. 1972 ஜனவரி 1க்கு முன் வந்து தொடர்ந்து இங்கேயே இருப்பவர், பேப்பர் இல்லாமல் நுழைந்திருந்தாலும், நன்னடத்தை முதலிய நிபந்தனைகளோடு விண்ணப்பிக்கலாம். அந்தத் தேதியை 1986க்குப் பிறகு யாரும் நகர்த்தவில்லை. கட்டுரையாளர் வந்த வருடத்தைப் பாருங்கள்: 1971இல் எல்லை தாண்டி வந்தவருக்கு இன்றும் வழி உண்டு, அடுத்த வருடம் வந்தவருக்கு இல்லை!

சிக்கலே 1996 சட்டத்தில்தான் இருக்கிறது. 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாக இருந்துவிட்டு வெளியேறினால் 3 வருடத் தடை, ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்தால் 10 வருடத் தடை. இந்தத் தடை விழுவது நாட்டைவிட்டு வெளியே கால் வைக்கும்போது. எல்லை தாண்டி வந்தவர் சிட்டிசனைக் கல்யாணம் செய்தாலும் பொதுவாக இங்கிருந்தே கிரீன் கார்டுக்கு மாற முடியாது, தூதரக நேர்காணலுக்கு வெளியே போகவேண்டும். போனால் தடை. போகுமுன் ஐ-601ஏ படிவத்தில் அந்தத் தடையிலிருந்து விலக்கு கேட்கலாம், ஆனால் கணவன்/மனைவிக்கோ பெற்றோருக்கோ கடும் பாதிப்பு என்று நிரூபிக்க வேண்டும், அவர்கள் சிட்டிசனாகவோ கிரீன் கார்டுதாரராகவோ இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வரும் பாதிப்பு நேரடியாகக் கணக்கில் இல்லை. இதைச் சோம்பல் என்று எழுதினால் அநியாயம்.

எச்4_அப்பா:
எல்லாம் சரி, ஆனால் பெரியவரின் கோபத்தையும் சும்மா தள்ளிவிடாதீர்கள். ஒழுங்காக வரி கட்டி எச்-1பி வேலை விசாவில் கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்களின் பிள்ளைகள் 21 வயதில், குடும்பத்தினருக்கான எச்-4ஐ இழக்கிறார்கள், ஐந்து வயதில் வந்தவர்களாக இருந்தாலும். பொதுமன்னிப்புப் பேச்சு வரும்போது இவர்கள் பெயர் பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. அதை அவர் தாராளமாக எழுதலாம்.

ஆனால் ‘நம் ஆட்கள் எப்போதும் முறைப்படி’ என்று எழுதுமுன் வீட்டில் எல்லாருடைய ஐ-94ஐயும் எடுத்துப் பார்க்கட்டும். பாஸ்போர்ட் சீக்கிரம் முடிவதாக இருந்தால், எச்-1பி 2027 வரை இருந்தாலும், விமான நிலைய அதிகாரி பாஸ்போர்ட் முடியும் தேதிவரைதான் ஐ-94 தருவார். குழந்தையின் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் என்பதால் இது பெரும்பாலும் அவர்களுக்குத்தான் நடக்கும். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் ஐ-94 தானாக நீளாது. அந்தத் தேதிக்குள் புதுப் பாஸ்போர்ட்டோடு வெளியே போய்வர வேண்டும், அல்லது தங்கும் காலத்தை நீட்டிக்கக் கேட்கும் ஐ-539 படிவம் போட வேண்டும். ஒவ்வொரு தடவை இறங்கியதும் சிபிபி (சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை) தளத்தில் பார்த்துவிடுங்கள்.

மலர்க்குழு:
நன்றி. மூன்று இடங்களையும் குறித்து ஐயாவுக்கு அனுப்புகிறேன். இன்னொன்று: “பத்து வருட விசா உள்ள பெற்றோர் விருப்பப்படி தங்கலாம்” என்றும் ஒரு வரி இருக்கிறது.

படிவம்_பார்ப்பவர்:
அந்த வரியை அடித்துவிடுங்கள். பத்து வருடம் என்பது கதவைத் தட்ட மட்டும். தங்கும் காலம் ஐ-94இல், பி-2 என்ற சுற்றுலா விசாவுக்கு வழக்கமாக ஆறு மாதம். நீட்டிக்க வேண்டுமானால் அது முடியும்முன் ஐ-539 போய்ச் சேர வேண்டும். போடாமல் ஒரு நாள் தாண்டினாலும் அந்தப் பத்து வருட விசா செல்லாததாகிவிடும், அடுத்த விசாவைப் பொதுவாகச் சொந்த நாட்டில்தான் கேட்க முடியும்.