டெல்லியில் மலிவாக, கொஞ்சம் வித்தியாசமாகச் சாப்பிட எங்கே போகலாம்?

நண்பர்களே, டெல்லிக்கு வேலை மாறி வந்து எட்டு மாதம் ஆகிறது. பட்டர் சிக்கனும் சோலே பட்டூராவும் அலுத்துவிட்டன. இட்லி, தோசைக்கு இங்கே பஞ்சமில்லை, அதனால் அதைக் கேட்கவில்லை.

இதுவரை நானே தேடிப்போனவை மூன்று. மஜ்னு கா டில்லாவில் திபெத்தியர்களின் லாஃபிங் என்ற குளிர்ந்த நூடுல்ஸ்: வழவழவென்று, காரமாக, பூண்டு வாசத்தோடு. முதல் வாயில் ‘இது என்னடா’ என்றிருந்தது. மூன்றாம் முறை அதற்காகவே மெட்ரோ பிடித்தேன். லாஜ்பத் நகரில் ஆப்கானியர்களின் தந்தூரில் சுட்ட நீள நான், கேரட்டும் உலர்திராட்சையும் போட்ட காபூலி புலாவ். அப்புறம் ஹுமாயூன்பூர் சந்துகளில் நாகா சாப்பாடு. புகையில் வாட்டிய பன்றிக்கறி, புளிக்க வைத்த சோயாவில் செய்யும் அகூனி. கருவாட்டுக் குழம்பில் வளர்ந்தவனுக்கு அந்த வாசம் ஒன்றும் பெரிதில்லை.

இனி எங்கே? மணிப்பூரின் எரோம்பா, லடாக்கின் ஸ்கியூ, எத்தியோப்பியாவின் இஞ்சேரா, இதெல்லாம் நியாயமான விலைக்குக் கிடைக்குமா? ஆளுக்கு 300 ரூபாய், மிஞ்சிப்போனால் 400. ஏசி வேண்டாம், பெஞ்சு போதும். அந்தந்த ஊர்க்காரர்களே வந்து சாப்பிடும் கடையாக இருந்தால் நல்லது. இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் ஹவுஸ் காஸ் பக்கத்து அலங்காரக் கடைகள், தண்ணீர் பாட்டிலுக்கே பயமாக இருக்கிறது.

ஒரு சிக்கல்: அடுத்த மாதம் அம்மா வருகிறார், சுத்த சைவம். அவருக்கும் ஏதாவது இருக்கும் இடமென்றால் தனியாகக் குறிப்பிடுங்கள். பக்கத்து மெட்ரோ நிலையத்தையும் சொன்னால் பெரிய உதவி.