கொலெகாவில் 4 நாள் டிரெஸ்ஸாஜ் கிளினிக், கூடவே லிஸ்பன், ஹெரெஸ்: 11 நாளை எப்படிப் பிரிப்பது?

யெலஹங்கா லாயம்:
வணக்கம். பெங்களூரிலிருந்து இரண்டு பயிற்சியாளர்கள், குதிரை ஏறாத ஒருவர் (மனைவி), ஆக மூன்று பேர். அக்டோபர் முதல் வாரத்தில் போர்ச்சுகலில் கொலெகா பக்கம் ஒரு பண்ணையில் 4 நாள் டிரெஸ்ஸாஜ் கிளினிக் (குதிரையை நுணுக்கமாக நடத்தும் கலைக்கான குறுகிய பயிற்சி முகாம்). குதிரைகள் அவர்களுடையவை, எல்லாம் லூசிட்டானோ என்ற போர்ச்சுகல் இனம். போக வர 11 நாள். லிஸ்பன் பார்க்க வேண்டும், முடிந்தால் ஸ்பெயினில் ஹெரெஸ் குதிரைப் பள்ளியும். ஊர் சுற்றுவதை முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? விசாவில் எதைக் காட்டுவது? இங்கே லாயத்தில் விட்டுப்போகும் 6 குதிரைகளுக்கு என்ன ஏற்பாடு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அங்கவடி:
ஊர் சுற்றுவது பின்னால்தான், சார். லிஸ்பன் ஏறி இறங்கும் ஊர், நடைபாதை முழுக்க வழவழப்பான சிறு கற்கள். இரண்டு நாள் அதில் நடந்த காலோடு சேணத்தில் உட்கார்ந்தால் இடுப்பு இறுகியே இருக்கும். அக்டோபரில் அங்கே நேரம் நம்மைவிட 4½ மணி பின்னால். மேற்கே போகும்போது உடம்பு நாளுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் சரிசெய்துகொள்ளும். அதனால் போய் இறங்கிய பிறகு இரண்டு இரவு சும்மா இருங்கள், அதுவும் லிஸ்பனில் வேண்டாம், கொலெகாவிலேயே இருங்கள். லிஸ்பன் ஓரியென்ட் நிலையத்தில் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணியில் என்ட்ரோன்காமென்ட்டோ. அங்கிருந்து டாக்ஸியில் சில கிலோமீட்டர்தான். அந்த இரண்டு நாளில் பண்ணைக்குப் போய் மற்றவர்கள் ஓட்டுவதைப் பாருங்கள். எந்தக் குதிரை யாருக்கு என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்ய அதுவும் உதவும்.

விசா: நீங்கள் கற்றுக்கொள்ளப் போகிறவர்கள், அதனால் குறுகிய கால ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) போதும். அங்கே காசு வாங்கிக்கொண்டு ஒரே ஒரு பாடம் எடுத்தாலும் கதை வேறு, அதற்கு வேலை அனுமதி வேண்டும். பண்ணையிடம் கேட்கும் கடிதத்தில் உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், தேதி, "பங்கேற்பாளர்" என்ற சொல், கட்டணத்தை நீங்கள்தான் கட்டுகிறீர்கள் என்ற வரி, இத்தனையும் இருக்கட்டும். எந்த நாட்டில் முக்கிய வேலையோ, எங்கே அதிக நாளோ, அந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு இரண்டும் போர்ச்சுகல். ஹெரெஸ் ஆசையில் ஸ்பெயின் நாள்களைக் கூட்டிக் கணக்கைக் குழப்பிவிடாதீர்கள்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும், 45 நாள் வரை இழுக்கவும் விதியில் இடம் உண்டு. கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. ஆனால் அந்தத் தொகை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். பல பயணக் காப்பீடுகள் குதிரையேற்றத்தைச் சாகச விளையாட்டுப் பட்டியலில் போட்டு விலக்கி வைத்திருக்கும். விசா கிடைத்துவிடும், விழுந்து தோள் எலும்பு முறிந்தால் பணம் கிடைக்காது. விலக்குப் பட்டியலைப் படித்து, "பயிற்சியாளருடன் குதிரையேற்றப் பாடம்" சேரும் என்று மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.

இன்னொன்று. விசா மறுக்கப்பட்டால் கிளினிக் முன்பணம் திரும்புமா என்பதை இப்போதே கேளுங்கள். பில்லையும் தனித்தனியாக வாங்குங்கள். கிளினிக் கட்டணம் தொழில் செலவு, ஹெரெஸ் போனதும் மனைவியின் டிக்கெட்டும் சொந்தச் செலவு. ஒரே ரசீதில் எல்லாம் இருந்தால் ஆடிட்டரால் பிரிக்க முடியாது.

மெல்லிய கை:
விசாவை எல்லாரும் பேசுவார்கள், உட்காரும் விஷயத்தைப் பேச ஆள் குறைவு. நம் ஊர் ரைடிங் ஸ்கூல்களில் பெரும்பாலானவை ரேஸ் ஓடி ஓய்ந்த தரோபிரெட் குதிரைகள். கடிவாளத்தின் மேல் சாய்ந்து ஓடப் பழகியவை. அவற்றோடு வருஷக்கணக்கில் வேலை செய்த கை தன்னை அறியாமலே வாயில் ஒரு பிடியை வைத்திருக்கும். லூசிட்டானோவிடம் அது செல்லாது. பிடித்தால் கழுத்தைச் சுருக்கி முகத்தை மார்புப் பக்கம் மடக்கிக்கொள்ளும், முதுகு தொங்கும், பின்கால் வயிற்றுக்கு அடியில் வராது. சரி, முன்னே தள்ளலாம் என்று காலால் அழுத்தினால் நின்ற இடத்திலேயே கால் மாற்ற ஆரம்பிக்கும். அது பியாஃபே (நின்ற இடத்திலேயே துள்ளுநடை) கற்ற குதிரை. கை மூடி, கால் அழுத்தினால் "இங்கேயே துள்ளு" என்றுதான் அதற்கு அர்த்தம். வந்தவர் குதிரை முரண்டுகிறது என்று நினைப்பார். உண்மையில் அது கேட்டதைத்தான் செய்கிறது.

ஆகவே புறப்படுவதற்கு 6 வாரம் முன்பிருந்தே வாரம் இரண்டு முறை லாஞ்ச் கயிற்றில் (நடுவில் ஒருவர் பிடித்துக் குதிரையை வட்டமாகச் சுற்றவிடும் நீளக் கயிறு) 20 நிமிடம், அங்கவடி (கால் வைக்கும் வளையம்) இல்லாமல், கடிவாளம் இல்லாமல் உட்காருங்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை திசை மாற்றுங்கள். ஒரு கை சேணத்தின் முன் வாரில், மறு கை தொடையில். ட்ராட்டில் (துள்ளோட்டத்தில்) மூச்சு நிற்காமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். மூச்சு நின்றால் இடுப்பு இறுகியிருக்கிறது. இந்த ஒன்றைச் செய்யாமல் போனால் 4 நாள் கட்டணத்தில் முதல் இரண்டு நாள் கையைத் திறக்கச் சொல்லியே போய்விடும்.

பெரும்பாலும் நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு 45 நிமிடம். மூன்றாம் நாள் மதியம் உள்தொடை பிடித்துக்கொள்ளும், பாடம் அங்கேதான் உடையும். இரண்டாம் நாள் மாலை ஏறாமல் பார்ப்பதற்கு மட்டும் அனுமதி கேளுங்கள். காசு போனாலும் பரவாயில்லை, மூன்றாம் நாள் தப்பிக்கும்.

எடையை மறைக்காதீர்கள். லூசிட்டானோ பெரிய குதிரை அல்ல, இனத்தின் சராசரி தோள் உயரம் ஆண் 1.60 மீட்டர், பெண் 1.55. 500 கிலோ குதிரை என்றால் ஏறுபவரும் சேணமும் சேர்ந்து 20 சதவீதம், அதாவது 100 கிலோ, மேல் எல்லை. சேணம் 8 கிலோ, பூட்ஸும் ஹெல்மெட்டும் 3 கிலோ கழித்துப் பாருங்கள். இதைவிடக் கீழே எல்லை வைக்கும் பண்ணைகளும் உண்டு.

ஹெல்மெட் கைப்பையில் வரட்டும். சரக்குப் பெட்டியில் அடிபட்டால் உள்ளே நுரை நொறுங்கியிருக்கும், வெளியே கீறல்கூடத் தெரியாது. பூட்ஸின் குதியில் மாட்டும் முள்ளும் சவுக்கும் சரக்குப் பெட்டிக்கு. விழும்போது உப்பிக் காக்கும் காற்றுப்பை ஜாக்கெட் வைத்திருந்தால் அதன் வாயுக் குப்பிக்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், அங்கேயே வாங்கிக்கொள்வது எளிது.

பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் அவசரத்தில் போர்ச்சுகீஸ் வந்துவிடும்: பாசு என்றால் நடை, ட்ரோட் என்றால் ட்ராட், கலோப் என்றால் கேன்டர் (ட்ராட்டைவிட வேகமான ஓட்டம்).

யெலஹங்கா லாயம்:
இருவருக்கும் நன்றி. வாயுக் குப்பி விஷயம் தெரியாது. பூட்ஸை அப்படியே எடுத்துப்போகலாமா? ஹெரெஸை விட்டுவிடவா?

சைஸ் மகள்:
அண்ணா, பூட்ஸை அப்படியே கொண்டுபோகாதீங்க. நம்ம நாட்டுல கிளாண்டர்ஸ்ங்கிற குதிரைத் தொற்றுநோய் இருக்கு, அதுக்குத் தடுப்பூசி கிடையாது, மனுஷங்களுக்கும் வரும். மூக்குச்சளி பட்ட சேணம், வாளி, துணி வழியா பரவும். முதல்ல சோப்புத் தண்ணியில பிரஷ் போட்டு மண்ணும் சாணியும் சுத்தமா போகணும், அழுக்கு மேல மருந்து ஊத்துனா வேலை செய்யாது. அப்புறம் விர்கான் எஸ்ங்கிற கிருமிநாசினிப் பொடியை 1 லிட்டர் தண்ணிக்கு 10 கிராம் கலந்து 10 நிமிஷம் விட்டுத் துடைச்சு நிழல்ல காய வைங்க. சேணத்துணி இங்கேர்ந்து வேண்டாம், அவங்களோடதையே போட்டுக்கங்க. திரும்பி வரும்போதும் இதே மாதிரி செய்யணும், ஏன்னா குதிரைக் காய்ச்சல் (குதிரை ஃப்ளூ) துணியிலயும் ஒட்டிக்கிட்டு வரும். வந்த அன்னிக்கே லாயத்துக்குள்ள போகாம ரெண்டு நாள் கழிச்சுப் போங்க.

லாயத்துக் குதிரைங்க விஷயம்தான் எனக்குப் பெருசாப் படுது. வேலை நிக்கிற முதல் நாளே ஓட்ஸ், கொள்ளு எல்லாத்தையும் பாதியாக் குறைக்கச் சொல்லுங்க. புல்லைக் குறைக்கவே கூடாது. தீனி முழுசாக் கொடுத்து சும்மா நிறுத்திட்டு, நீங்க வந்ததும் வேலை வாங்கினா பின்தொடை தசை இறுகிப்போகும். பழைய ஆளுங்க திங்கட்கிழமை நோய்னு சொல்றது இதைத்தான். குதிரை பின்னங்கால் எடுத்து வைக்காது, வேர்த்துக் கொட்டும், மூத்திரம் காபி நிறத்துல வரும். அப்படி இருந்தா நடக்க வைக்காம நின்ன இடத்துலயே விட்டுட்டு டாக்டரைக் கூப்பிடணும். குதிரைங்களைப் பார்த்துக்கிற சைஸுக்கு இதை வாயால மட்டும் சொல்லாம, ஒவ்வொரு குதிரைக்கும் தீனி அளவை எழுதி லாயக் கதவுல ஒட்டுங்க. காலை மாலை அரை மணி கையில பிடிச்சு நடத்தட்டும். நீங்க வந்த பிறகு முதல் மூணு நாள் லேசான வேலை, அப்புறம் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க.

அங்கவடி:
ஹெரெஸை இந்தத் தடவை விடுங்கள். லிஸ்பனிலிருந்து நேர் ரயில் இல்லை. பஸ்ஸில் செவில் போய், அங்கிருந்து ரயில் பிடிக்க வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள். அந்தப் பள்ளியில் எல்லா நாளும் காட்சியும் கிடையாது. அதற்குப் பதிலாக லிஸ்பனிலேயே பெலெம் பகுதியில் போர்த்துகீசியக் குதிரையேற்றக் கலைப் பள்ளியின் காட்சியைப் பாருங்கள். 1979இல் தொடங்கிய பள்ளி, அங்கேயும் நீங்கள் ஏறிப் பழகிய அதே லூசிட்டானோதான். போர்ச்சுகலின் குதிரையேற்றக் கலையை 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். கிளினிக் முடித்த கண்ணோடு பார்த்தால் ஓட்டுபவரின் இடுப்பு எங்கே அசைகிறது, கை எப்போது விடுகிறது என்று புரியும், அதனால் இதுவும் பின்னால்தான். அதே பெலெமில் பழைய அரச வண்டிகளின் அருங்காட்சியகமும் இருக்கிறது.

உடன் வருபவருக்குக் கொலெகாவில் 4 நாள் நீளம்தான். சின்ன ஊர், குதிரைச் சந்தை நவம்பர் 11ஐ ஒட்டித்தான், நீங்கள் போகும்போது இருக்காது. என்ட்ரோன்காமென்ட்டோவிலிருந்து தோமார் ரயிலில் போய் கிறிஸ்து மடத்துக்கு ஒரு நாள், தேஜு ஆற்றின் நடுத்தீவில் நிற்கும் அல்மொரோல் கோட்டைக்கு அரை நாள். மற்ற ஒரு நாள் மைதான ஓரத்தில் உட்கார்ந்து உங்கள் இருவரையும் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள், வீடியோவுக்குத் தனிக் கட்டணம் வாங்கும் இடமும் உண்டு.